அந்த பட்டன் எங்கே போச்சு?

2023 அக்டோபரில், இந்தியாவில் காசு கட்டாமல் ஸ்பாட்டிஃபையில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் செயலி திடீரென்று பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தது. பிடித்த பாட்டைத் தொட்டால், அது வராமல் பட்டியலில் இருந்த வேறொன்று ஓடியது. சரணத்தை இன்னொரு தடவை கேட்கலாம் என்று கோட்டைப் பின்னால் இழுத்தால் நகரவில்லை. முந்தின பாட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. ரிப்பீட் பட்டனுக்குப் பூட்டு. இதெல்லாம் இனி பிரீமியம் சந்தாதாரர்களுக்குத்தான் என்று நிறுவனம் அறிவித்தது.

டெல்லி மெட்ரோவின் ப்ளூ லைனில் துவாரகாவில் ஏறி நொய்டா எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்க வேண்டும் என்றால், ஒரு நடைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் ராஜீவ் சவுக்கில் ஏறும் கூட்டத்தில் கையைத் தூக்கக்கூட இடம் இருக்காது. அந்த நெரிசலில் ஒரே பாட்டை 'ரிப்பீட் மோடில்' போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி நிற்பவருக்கு அந்தப் பாட்டுதான் துணை. பாட்டு கேட்கும் இன்னொரு ரகமும் உண்டு. மயூர் விஹாரிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகள் வித்வான்களின் பதிவுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டுத்தான் சங்கதிகளைப் பிடிக்கிறார்கள். ஒரு பிருகா புரியப் பத்து விநாடி பின்னால் போக வேண்டும்; அதையே இருபது தடவை செய்ய வேண்டும். பின்னால் இழுக்கும் கோட்டை முடக்கினால் அந்த மாணவரின் பாடப் புத்தகத்தில் பக்கங்களை ஒட்டிவிட்டது போல ஆகிவிடும்.

"சின்ன பட்டன்தானே, இதற்குப் போய் இத்தனை வருத்தமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வருத்தப்பட வேண்டிய விஷயம்தான். ஒருவர் பாட்டு கேட்கும் விதம் பல வருஷங்களில் படிகிற பழக்கம். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, எதற்குப் பின் எது, எந்த இடத்தில் ஒலியைக் கூட்டுவது என்று கை தானாகவே பழகியிருக்கும். இரவோடு இரவாக ஓர் அப்டேட் வந்து அந்தப் பழக்கத்தைக் கலைத்துவிட்டுப் போகிறது. யாரும் அனுமதி கேட்பதில்லை.

கடைதிறப்புச் சலுகை

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது பிரீமியத்தின் விலை மாதம் 119 ரூபாய். ஆனால் பலரையும் உள்ளே இழுத்தது இலவசச் சேவைதான். மற்ற பல நாடுகளில் இலவசமாகக் கேட்பவர் செல்போனில் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுத்தான் கேட்க முடியும். இந்தியாவிலோ, நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில் கேட்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். காரணம் எளிமையானது. கானா, ஜியோசாவன், ஏர்டெல்லின் விங்க் ஆகியவை ஏற்கெனவே அதை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நாலரை வருஷம் கழித்துச் சந்தை மாறிக்கொண்டிருந்தது. டைம்ஸ் குழுமத்தின் கானா 2022-இல் இலவசச் சேவையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. ரெஸ்ஸோ என்ற இன்னொரு செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையை மூடியது. 2014-இல் தொடங்கிய விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. சந்தாதாரர்களுக்கு ஆப்பிள் மியூசிக் வழியாகச் சலுகை தருவதாகச் சொன்னது. விங்க்கில் பாட்டு கேட்டவர்களில் பலர் அதை வைத்திருந்ததே ஹலோ டியூனுக்காகத்தான். கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டை அங்கேயே ஒரு தட்டு தட்டி, தன்னை அழைப்பவர் காதில் ஒலிக்கும்படி வைத்துவிட முடிந்தது. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினால் எந்தப் பாட்டு கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்தவர்களுக்கு அந்த வசதியின் அருமை தெரியும்.

இப்படி மூடும் செயலிகளில் 'டவுன்லோடு' செய்து வைத்திருக்கும் பாட்டுகளும் செயலியோடு போய்விடும். அவை பூட்டு போட்ட கோப்புகள். அந்தச் செயலியிடம்தான் சாவி இருக்கிறது; வேறு எந்தப் பிளேயரிலும் ஓடாது. 'டவுன்லோடு' என்ற சொல்லைக் கேட்டுச் சொந்தமாகிவிட்டது என்று நம்பியவர்கள் ஏராளம்.

ஸ்பாட்டிஃபை பறித்ததில் ஒரு பகுதி திரும்பி வந்தது. 2025 செப்டம்பரில், இலவசமாகக் கேட்பவர்களும் தாங்கள் விரும்பும் பாட்டைத் தேடிப்பிடித்துப் போடலாம் என்று உலக அளவில் அறிவித்தார்கள். கொடுத்த கையே எடுத்தது, எடுத்த கையே கொஞ்சம் திருப்பித் தந்தது. கேட்பவருக்கு இதில் எந்தக் கட்டத்திலும் பேச இடமில்லை.

கேசட்டின் இரண்டு நாக்குகள்

டெல்லியில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது தரியாகஞ்சை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே பழச்சாறு கடை நடத்திய குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார்தான் பிறகு டி-சீரிஸைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகள் விற்றதைவிட வெகு குறைந்த விலைக்குக் கேசட்டுகளைக் கொண்டுவந்து, மளிகைக் கடையிலும் பெட்டிக் கடையிலும் தொங்கவிட்டார். வட இந்தியாவின் அந்தக் கேசட் காலத்தை ஆராய்ந்து அமெரிக்க இசையியலாளர் பீட்டர் மானுவல் 1993-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் அதற்கு இணையான காட்சி ரெக்கார்டிங் சென்டர். 60 நிமிஷமா 90 நிமிஷமா என்று முதலில் காலி கேசட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் நோட்டுப் புத்தகத் தாளில் பாட்டு லிஸ்ட். ஏ சைடில் எட்டு, பி சைடில் எட்டு என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் அட்டையில் அழகான கையெழுத்தோடு கேசட் கைக்கு வரும். 80-களில் அரசு வேலைக்கு டெல்லி வந்த தமிழர்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் ஏற்றி வந்த பெட்டிகளில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட கேசட்டுகள் இருந்தன. கரோல்பாக் வாடகை அறைகளில் ஞாயிற்றுக்கிழமைகளை நகர்த்தியவை அவைதான்.

அந்தக் கேசட்டை யாராவது இப்போது கையில் எடுத்தால் மேல் விளிம்பைப் பார்க்கட்டும். இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். பதிவு பிடித்திருந்தால், ஸ்க்ரூடிரைவர் முனையாலோ பேனா மூடியாலோ அதை உடைத்துவிடுவார்கள். பிறகு எந்த டேப் ரெக்கார்டரில் போட்டாலும் சிவப்பு ரெக்கார்ட் பட்டன் கீழே இறங்காது. தப்பித் தவறிக்கூட யாரும் அதன் மேல் வேறொன்றைப் பதிய முடியாது. மனசு மாறினால் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் போதும். எது மாறலாம், எது மாறக் கூடாது என்பதைப் பாட்டு கேட்பவரே முடிவு செய்ய அந்தக் காலத்து ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும் பொருளில் இடம் வைத்திருந்தார்கள்.

இன்றைக்குப் பல ஆயிரம் ரூபாய் போனில் அந்த நாக்கு இல்லை. இந்தக் கட்டுரையின் வருத்தம் முழுவதும் அதுதான்.

எண்ணிக்கையில் சிக்காத பிரியம்

வசதிகளை நிறுவனங்கள் ஏன் எடுக்கின்றன? ஒரே காரணம் இல்லை.

சில இடங்களில் புது வடிவமைப்பின் மோகம். 2012 நவம்பரில் வந்த ஐடியூன்ஸ் 11-இல், ஆல்பம் அட்டைகளைப் புத்தக அலமாரி போலத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் 'கவர் ஃப்ளோ' காணாமல் போனது. ஒரே பாட்டு இரண்டு தடவை இருந்தால் காட்டிக்கொடுக்கும் வசதியும் போய், எதிர்ப்பு வந்த பிறகு அடுத்த மாதமே திரும்பியது. 2016-இல் ஐஓஎஸ் 10 வந்தபோது பாட்டுகளுக்கு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் வசதி ஐபோன் திரையிலிருந்து மறைந்தது. பல வருஷம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு நட்சத்திரம் போட்டவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த வருஷ டிசம்பரில் 10.2 வந்தபோதுதான் அது திரும்பியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்குத் திரும்பி வந்த இந்த இரண்டும் சாட்சி.

சில இடங்களில் கடையே வேறு கடையோடு இணைக்கப்படுகிறது. கூகுள் ப்ளே மியூசிக்கில் ஒருவர் தன்னிடம் இருக்கும் 50,000 பாட்டுகள் வரை இலவசமாக ஏற்றி வைத்துக்கொள்ள முடிந்தது. இந்தியாவில் 2016-இல் பாட்டு விற்கும் கடையையும் அதில் திறந்தார்கள். 2020 கடைசியில் அதை மூடி எல்லோரையும் யூடியூப் மியூசிக்குக்கு மாற்றினார்கள். ஏற்றிய பாட்டுகளைக் கொண்டுபோக வழி செய்தார்கள், உண்மை. ஆனால் ஒரு பாட்டை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் கடை அதோடு போனது. மாற்றாமல் விட்டவர்களின் சேமிப்பு 2021 பிப்ரவரியில் அழிக்கப்பட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் அமெரிக்காவின் சோனோஸ் கம்பெனி கற்றது. வீட்டில் அறைக்கு அறை ஸ்பீக்கர் வைத்து, எல்லாவற்றையும் செல்போனிலிருந்து இயக்கும் முறையில் பேர் வாங்கிய நிறுவனம். 2024 மே 7 அன்று தன் செயலியை அடியோடு புதிதாக எழுதி வெளியிட்டது. அலாரம் இல்லை. தூங்கப் போகும்போது தானாக நிற்கும் டைமர் இல்லை. அடுத்து ஓடவிருக்கும் பாட்டுகளின் வரிசையைத் திருத்த முடியவில்லை. வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்த சொந்தப் பாட்டுகளைத் தேட முடியவில்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் வசதியோடு செயலி ஒத்துப் போகவில்லை. அதுவரை யாருடைய உதவியும் இல்லாமல் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள் சொந்த வீட்டிலேயே இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பழைய செயலியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கு, கொடுத்தால் சிக்கல் இன்னும் அதிகமாகும் என்று பதில் வந்தது. தலைமைச் செயல் அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் ஜூலையில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்டில் சுமார் 100 ஊழியர்களை நிறுவனம் வேலையிலிருந்து எடுத்தது. 2025 ஜனவரியில் ஸ்பென்ஸே பதவி விலகினார்.

இந்த முடிவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும். எத்தனை பேர் எந்தப் பட்டனை அழுத்துகிறார்கள் என்று செயலிகள் எண்ணுகின்றன. குறைவானவர்கள் அழுத்தும் பட்டனைப் பராமரிக்க ஆள், நேரம், பணம் செலவாகிறது என்பதும் நியாயம்தான். ஆனால் அந்த எண்ணிக்கையில் தலைகள் தெரியும், தேவையின் ஆழம் தெரியாது. திரை வாசிப்பானை நம்பியிருப்பவர்கள் எப்போதுமே எண்ணிக்கையில் குறைவுதான். டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு வங்கிகளும் மற்றவையும் கேட்கும் டிஜிட்டல் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) பற்றியது. அந்தத் தீர்ப்பின் உள்ளக்கருத்தைப் பாட்டுச் செயலிகளை வடிவமைப்பவர்களும் படிக்க வேண்டும்.

தம்புரா நிற்கும் இடம்

கேட்பவர்களில் மிகச் சிலருக்கே தெரிந்த, ஆனால் தெரிந்தவர்களுக்கு உயிர் போன்ற ஒரு வசதி உண்டு. ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்கும்போது நடுவில் இடைவெளி விழாமல் ஓட்டுவது. 'கேப்லெஸ்' என்பார்கள். சினிமா பாட்டுக்கு இது தேவையே இல்லை. ஒரு பாட்டு முடிந்து ஒரு மூச்சு விட்டு அடுத்தது வந்தால் நல்லதுதான். கச்சேரிப் பதிவுக்கு அப்படியல்ல. ஒரு ராகம் தானம் பல்லவியைச் சிடியில் போடும்போது ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக், தனி ஆவர்த்தனம் ஒரு டிராக் என்று வெட்டுவார்கள். வெட்டு கேட்பவரின் வசதிக்காக. மேடையில் அங்கே இடைவெளி எதுவும் இருந்ததில்லை. பாடகர் மூச்சு வாங்கும் அந்த நொடியிலும் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும்.

எம்பி3-யாக மாற்றும்போதுதான் சிக்கல். சிடியில் ஒலி, நொடிக்கு 44,100 துளிகளாகப் பதிவாகியிருக்கிறது. எம்பி3 அதை 1,152 துளிகள் கொண்ட கட்டுகளாகக் கட்டுகிறது. கடைசிக் கட்டு நிறையாவிட்டால் மௌனத்தைப் போட்டு நிரப்புகிறது. தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேர்கிறது. இரண்டையும் கூட்டினால் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு வரும். எவ்வளவு மௌனம் சேர்த்தோம் என்பதை நல்ல மென்பொருள் கோப்பின் தலைப்பில் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பைப் படித்து, மௌனத்தைக் கத்தரித்து, அடுத்த டிராக்கை முன்கூட்டியே தயாராக வைத்திருந்து ஒட்ட வேண்டியது பிளேயரின் வேலை. 2001-இல் வந்த ஐபாடுக்கே அது 2006-இல்தான் கைவந்தது. பாட்டு கேட்கவே உருவான ஒரு கருவிக்கு ஐந்து வருஷம்!

ஓர் அப்டேட்டில் இந்த வசதி போய்விட்டால் யாருக்கும் உடனே தெரியாது. பட்டன் எதுவும் மறையவில்லை, திரை அப்படியே இருக்கிறது. காம்போதி ஆலாபனையின் கடைசி 'ஸ' நீண்டுகொண்டிருக்கும்போது தம்புரா சட்டென்று அறுந்து, கண்ணிமைக்கும் நேரம் கழித்து மறுபடி தொடங்கும். படியிறங்கும்போது ஒரு படி இல்லாமல் கால் தட்டுவது போல இருக்கும் அது.

லோதி ரோட்டிலிருந்து வந்த கடிதம்

வசதியை எடுப்பதற்கு எதிராக அரசாங்கமே பேசிய ஒரு சம்பவம் டெல்லியில் நடந்திருக்கிறது. அது எஃப்.எம். ரேடியோ பற்றியது.

இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது சென்னையில், 1977 ஜூலை 23 அன்று. ஒரு தலைமுறை கழித்து அது கைபேசிக்குள் புகுந்தது. நோக்கியா காலத்து பட்டன் போனில் இயர்போனைச் செருகினால் ரேடியோ பாடும். காசு வேண்டாம், நெட் வேண்டாம். கட்டிட வேலைக்கு வந்தவர், காவலாளி, ஆட்டோ ஓட்டுநர் என்று டெல்லியின் இரவுகளில் விழித்திருந்த எத்தனையோ பேரின் மியூசிக் பிளேயர் அதுதான். பாராளுமன்றத் தெருவின் ஆகாசவாணிக் கட்டிடத்திலிருந்து சரோஜ் நாராயண்ஸ்வாமியின் குரலில் தமிழ்ச் செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ரேடியோ என்ற சொல்லே டெல்லியோடு சேர்த்துக் கட்டப்பட்ட சொல்.

ஸ்மார்ட்போன்கள் பெருகப் பெருக ரேடியோ மெல்ல மறைந்தது. பல போன்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் சேர்த்து வைக்கும் சிப்பிலேயே எஃப்.எம். ரிசீவரும் இருக்கும். அதற்கு ஆன்டெனா வேண்டும். அந்த வேலையை இயர்போன் ஒயர்தான் செய்துகொண்டிருந்தது. 2016-இல் ஐபோன் 7 இயர்போன் ஓட்டையை அடைத்தது, மற்றவர்களும் பின்பற்றினார்கள். ஓட்டை போனதோடு ஆன்டெனாவும் போனது. தங்கள் புதிய ஐபோன்களில் எஃப்.எம். சிப்பும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை என்று ஆப்பிள் 2017-இல் விளக்கம் சொன்னது. வேறு சில போன்களிலோ சிப் உயிரோடு இருக்க, மென்பொருளில் மட்டும் ரேடியோ முடக்கப்பட்டிருந்தது.

2023 ஏப்ரல் இறுதியில், லோதி ரோடு எலக்ட்ரானிக்ஸ் நிகேதனில் இருக்கும் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் செல்போன் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. போனில் எஃப்.எம். ரிசீவர் இருந்தால் அதை முடக்கக் கூடாது, இயங்கும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சாரம். ஏழைகளுக்கு இலவச ரேடியோ கிடைக்காமல் போகிறது, பேரிடர் நேரத்தில் மக்களுக்குச் செய்தி சேர்க்கும் வழி அடைபடுகிறது என்று காரணம் சொன்னார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் டவர்கள் செயலிழந்து போன் ஊமையான சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அது அறிவுரை, சட்டமல்ல. மீறினால் தண்டனை கிடையாது. ஆனால் அதில் இருக்கும் கொள்கை அருமையானது: விற்கும்போது உள்ளே இருந்ததை, வாங்கியவரிடமிருந்து மென்பொருளால் பறிக்காதே. ரேடியோவுக்குச் சொன்னதை ரிப்பீட் பட்டனுக்கும் சொல்லலாம்.

நுகர்வோர் யார்?

டெல்லியிலிருந்தே இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்கள் சரியாக இயங்கவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் குவிந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷியே அதை அறிவித்தார். அப்டேட் என்பது நிறுவனத்தின் சொந்த வீட்டு விவகாரம் அல்ல, அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அரசு எடுத்த நிலை முக்கியமானது.

பாட்டுச் செயலிக்கு இது பொருந்துமா? இங்கேதான் சட்டத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலை கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுபவரைத்தான் நுகர்வோர் என்கிறது. போன் வாங்கியவர் நுகர்வோர். மாதச் சந்தா கட்டுபவர் நுகர்வோர். இலவசமாகக் கேட்பவர், பாட்டுகளுக்கு இடையிடையே விளம்பரம் கேட்டுத் தன் நேரத்தைக் கொடுத்தாலும், அந்த வரையறைக்குள் நிற்பது கஷ்டம். 2023 அக்டோபரில் ரிப்பீட்டை இழந்தவர்கள் எல்லோரும் அந்தப் பள்ளத்தில் நின்றவர்கள்தான்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆளை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளுக்கு எதிராக விதிகளை வெளியிட்டது. 13 வகைத் தந்திரங்களை அதில் பட்டியலிட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்ற பிறகும் திரும்பத் திரும்ப வந்து கேட்கும் தொணதொணப்பும் அதில் ஒன்று. பாட்டின் நடுவே 'பிரீமியம் வாங்குங்கள்' என்று முகத்தில் வந்து நிற்கும் அறிவிப்புகளைத் தினமும் பார்க்கிறவர்கள் இந்த விதியைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. புகார் சொல்ல 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் டிஜிட்டல் உள்ளடக்க விதிகளின்படி, ஒரு சேவையை நடுவில் மாற்ற வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே அதற்கு இடமும் தக்க காரணமும் இருக்க வேண்டும்; வாடிக்கையாளருக்குக் கூடுதல் செலவு வைக்கக் கூடாது; தெளிவாக அறிவிக்க வேண்டும். மாற்றம் அவரைக் கணிசமாகப் பாதித்தால் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், அல்லது மாற்றாத பழைய வடிவத்தையே வைத்துக்கொள்ள நிறுவனம் வழி செய்ய வேண்டும். பணத்துக்குப் பதிலாகத் தன் சொந்தத் தகவல்களைக் கொடுப்பவரையும் அந்த விதிகள் வாடிக்கையாளராகவே பார்க்கின்றன. இந்தியச் சட்டத்தின் பள்ளத்தை நிரப்ப இதைவிட நல்ல மண் வேண்டியதில்லை.

செல்போன்களையும் டேப்லெட்களையும் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போட, நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. உதிரி பாகம், கருவிகள் ஆகியவற்றோடு மென்பொருள் அப்டேட்டும் அதில் ஓர் அளவுகோல். அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்பதோடு, அந்த அப்டேட்டில் எது பறிபோகாது என்ற உறுதியையும் சேர்த்தால்தான் அந்த மதிப்பெண்ணுக்கு முழு அர்த்தம் இருக்கும்.

அப்டேட்டே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அவைதான். வங்கிக் கணக்கு இருக்கும் போனில் அதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. ஓட்டையை அடைக்க வரும் கொத்தனாரே ஜன்னலையும் கழற்றிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. பாதுகாப்புத் திருத்தம் ஒரு மூட்டை, வசதி மாற்றம் வேறொரு மூட்டை என்று பிரித்து அனுப்பினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அதுவரை கையில் இருப்பது சில வழிகள். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரில் அந்தப் பாட்டுச் செயலியின் பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால், அந்த ஒரு செயலிக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தலாம். ஐபோனில் ஆப் ஸ்டோர் அமைப்பில் மொத்தமாக நிறுத்தும் வசதி இருக்கிறது. பிளேலிஸ்ட்டின் பெயர்ப்பட்டியலை எங்காவது எழுதி வைப்பது, அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டர் தாள் போல, கட்டாயம் உதவும். சொந்தமாக வாங்கிய சிடியோ பழைய கோப்போ இருந்தால் அதைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, விஎல்சி, ஃபூபார்2000 போன்ற பிளேயர்களில் கேட்கலாம்; அவற்றுக்கு நெட்டும் சந்தாவும் தேவையில்லை. சில வீடுகளில் பெரியவர்களுக்கு 5,000 பாட்டுகள் ஏற்றிய சரிகம கேரவான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் திருகு இருக்கிறது, திருகினால் பாடுகிறது. 2017-இல் வெளியானது முதல் அது நன்றாக விற்றதற்கு அந்தத் திருகும் ஒரு காரணம்.

புதிதாக ஒரு பிளேயரைப் போனில் ஏற்றுபவர்கள் வழக்கமாக ஈக்வலைசரையும் ஒலியின் அளவையும் சோதிப்பார்கள். கச்சேரி கேட்பவர்கள் செய்ய வேண்டிய சோதனை வேறு. ஏதாவது ஒரு ராகம் தானம் பல்லவியை எடுத்து, ராகம் முடியும் டிராக்கின் கடைசிப் பத்து விநாடிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திரையில் எண் நான்கிலிருந்து ஐந்துக்கு மாறியது தெரியாமல் தம்புரா ஓடிக்கொண்டே இருந்தால், அந்தப் பிளேயரை வைத்துக்கொள்ளலாம். அதன் தானியங்கி அப்டேட்டை அப்போதே அணைத்துவிட வேண்டும்.